பெரிய மணிக்குக் கட்டிய தோல்

வெனிங்பரி
மே 31, வெள்ளி

வின்னி,

எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதச் சொல்லித்தானே கேட்டிருந்தாய், மலர்வளையத்தோடு அனுப்பிய அந்தச் சின்னச் சீட்டில்? நூற்றுப்பத்துப் பேர். நான் எண்ணவில்லை. சாண்ட்விச் வெட்டிய லென் ஃபிஸ்க் எண்ணினார். ஆளுக்கு இரண்டு வைத்ததில் கடைசியில் அவருக்கே இல்லாமல் போய்விட்டது.

அப்பா ஓட்டிய பதினான்காம் நம்பர் பஸ்ஸில் முப்பது வருஷமாக ஏறி இறங்கிய அம்மாக்கள் அத்தனை பேரும் கறுப்புத் தொப்பியோடு வந்துவிட்டார்கள். சவப்பெட்டி வந்து சேர எட்டு நிமிடம் தாமதம். வாசலில் ஒருத்தி சொன்னாள்: "வால்டர் பஸ் என்னைக்குத்தான் நேரத்துக்கு வந்துச்சு?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ வரவில்லை. லண்டனிலிருந்து இரண்டரை மணி நேர ரயில். ஏதோ ஹோட்டலுக்கு ஜன்னல் திரை தைக்கிறாயாம், அதனால் வர முடியாதாம். அப்பாவை மண்ணுக்குள் இறக்கும்போது நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரைச்சீலை. பாதிரியார் என்ன ஜெபம் சொன்னார் என்று கேட்டால் தெரியாது.

தேவாலயக் கோபுரத்து மணிகள் எட்டிலும் நாக்குக்குத் தோல் கட்டித்தான் அடித்தோம். நான்தான் மேலே ஏறிக் கட்டினேன். நாக்கின் ஒரு பக்கம் மட்டும் தோல், உனக்குத் தெரியாததா. ஓர் அடி கணீரென்று விழும். அடுத்த அடி தண்ணீருக்கடியிலிருந்து வருகிற மாதிரி. பெரிய மணி அப்பாவுடையது, அதை நானே அடித்தேன். உள்ளங்கை கிழிந்துவிட்டது. நீ லண்டன் போனதும் உன்னிடமிருந்து எனக்கு வந்த சின்ன மணியை இப்போது பிடிக்க ஆளில்லை, சும்மா நிற்கிறது. மணி அடிப்பவர் செத்தால் மூன்று ஞாயிறு தோலை எடுக்கக்கூடாது என்பது நம் கோபுரத்து வழக்கம். அதுவரை ஊருக்கே பாதிச் சத்தம்தான்.

நீ கடைசியாக அவரைப் பார்த்தது ஏப்ரலில், ஆஸ்பத்திரியில். நான் வெளியே சிகரெட் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தால் நீ அவர் காதில் ஏதோ சொல்கிறாய், அவர் இருமி இருமிச் சிரிக்கிறார். "என்னப்பா?" என்று கேட்டேன். "ஒனக்கெதுக்குடா, போய் டீ வாங்கிட்டு வா" என்றார். நான் காலேஜை விட்டு வந்த நாளிலிருந்து என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததில்லை. என்ன சொன்னாய் அவரிடம்? திரைச்சீலை ஜோக்கா?

அடக்கம் முடிந்த அன்று போன் செய்தாய். குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். மறுபடி செய்தால் மறுபடி வைப்பேன். எழுது, படிக்கிறேன். காகிதத்தைப் பார்த்துத் திட்டுவது எனக்கு வசதியாக இருக்கிறது.

ரோவன்

*

லண்டன்
ஜூன் 5, புதன்

அன்புள்ள ரோவன்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கக் கை வரவில்லை. உன் கையைப் பற்றியே முதலில் கேட்கிறேன். உள்ளங்கைக் காயத்துக்கு மருந்து போட்டாயா? அப்பாவின் கம்பளிக் கையுறை சமையலறை மேசையின் இழுப்பறையில், நூல்கண்டுக்குப் பின்னால் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு கயிறு பிடிக்கக் கூடாது, வழுக்கும். சும்மா போட்டுக்கொள்.

நீ எழுதியது எல்லாம் சரி. ஒரு வரிகூடத் தவறில்லை. நான் வரவில்லை. அதற்குச் சமாதானம் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும், ஏனென்றால் உண்மையைச் சொல்கிற நிலையில் நான் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை எழுதியதே அதிகம். இருபதாம் தேதி போகட்டும், எல்லாம் எழுதுகிறேன். அதுவரை என்னைத் திட்டிக்கொண்டிரு. திட்டுவதற்கு நீ இருக்கிறாய் என்பதே எனக்கு ஆறுதல்.

இங்கே ஆறு பேர் ஒரு மேல்மாடி அறையில் உட்கார்ந்து தைக்கிறோம். ஜன்னலுக்கெல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கை கழுவ வேண்டும். தோல் உரிந்து, உன் கையைவிட மோசமாக இருக்கிறது என் கை. போன் முதலாளியம்மாவின் மேசைமேல்தான். அதில் பேசினால் ஐந்து பேர் கேட்பார்கள். அதனால்தான் அன்று நீ வைத்ததும் மறுபடி செய்யவில்லை. கோபம் இல்லை.

அப்பாவின் உடுப்பை யாருக்கும் கொடுத்துவிடாதே. பஸ் கம்பெனித் தொப்பியை மட்டும் எனக்கு எடுத்து வை. ஒழுங்காகச் சாப்பிடு. லென் கடையில் கிளாஸ் கழுவிவிட்டு அங்கேயே வறுத்த உருளைக்கிழங்கைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்கிறாய் என்று தெரியும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காமல் பதில் எழுது. இருபதாம் தேதி அரச கல்யாணத்துக்கு நாட்டில் எல்லாக் கோபுரங்களிலும் மணி அடிப்பார்களாமே, மணமக்கள் தேவாலய வாசலுக்கு வரும்போது. நம் கோபுரத்திலும் உண்டா? பெரிய மணி யார் அடிக்கிறார்கள்? நீதானே?

பாசத்துடன் உன் அக்கா,
வின்னி

*

வெனிங்பரி
ஜூன் 11, செவ்வாய்

வின்னி,

கையுறை இருந்தது. நன்றி. அவ்வளவுதான் நல்ல வார்த்தை, இனி கிடையாது.

அப்பா போய்ப் பதினைந்து நாள் ஆகிறது, நீ என்னிடம் கேட்பது ராஜா வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி! உனக்கும் இந்த ஊருக்கும் வித்தியாசமே இல்லை. இங்கே எல்லோருக்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது. மார்க்கெட் தெரு முழுக்கக் கொடித் தோரணம். சாமுவேல் கடையில் மணமக்கள் படம் போட்ட கோப்பை வந்திருக்கிறது. அதில் இளவரசனுக்குக் காது ஒரு பக்கம் மட்டும் அச்சாகியிருக்கிறது, அதையும் சண்டை போட்டு வாங்குகிறார்கள். தெரு நடுவே நீள மேசை போட்டு விருந்து. யார் கேக், யார் முட்டை சாண்ட்விச், யார் சாசேஜ் ரோல் என்று தேவாலயக் கதவில் பட்டியல் தொங்குகிறது. கோபுரத்துக்கு எதிரே ஊர் ஹாலில் பெரிய டிவி வரப்போகிறது. நம் மிஸஸ் பெட்டிட்டே நீலத் தொப்பி வாங்கிவிட்டாள். நாற்பது வருஷமாக நான் பார்க்க, சரி, இருபத்தொரு வருஷமாக நான் பார்க்க, ஒரே பழுப்புத் தொப்பியில் கோபுரத்துக்குத் தலைமை தாங்கினவள்!

ஆமாம், மணி அடிக்கிறோம். ஆமாம், பெரிய மணி நான்தான். ஹால் வாசலிலிருந்து தபால்காரர் மனைவி மேசை விரிப்பை ஆட்டுவாள். டிவியில் மணமக்கள் தேவாலயக் கதவைத் தாண்டி வெளியே வருகிறார்கள் என்று அர்த்தம். ஆட்டினதும் நாங்கள் இழுக்க வேண்டும். ஏழு பேர், ஏழு மணி. சின்ன மணிக்கு ஆளில்லை என்று சொன்னேனே.

மூன்றாவது ஞாயிறு பதினாறாம் தேதியோடு முடிகிறது. பதினெட்டாம் தேதி மேலே ஏறித் தோலையெல்லாம் கழற்று என்று மிஸஸ் பெட்டிட் என்னிடம் சொல்லியிருக்கிறாள். கழற்றுவேன். ஏழு மணியில் கழற்றுவேன். பெரிய மணியில் மட்டும் கழற்ற மாட்டேன்.

ஏன் என்று கேட்பாய். எனக்கு இன்னும் மூன்று ஞாயிறு முடியவில்லை, அதனால். யாரோ ஒருத்தன் தங்க வண்டியில் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறான் என்பதற்காக என் அப்பா மணி கணீரென்று சிரிக்க வேண்டுமா? ஓர் அடி அவர்களுக்கு. ஓர் அடி அவருக்கு. ஊர் கையில் கோப்பையோடு அப்படியே நிற்கட்டும். கல்யாணத்துக்குச் சாவு மணி அடித்தான் என்று என்னைப் பேசட்டும். காலேஜை விட்டவன், வேறென்ன செய்வான் என்பார்கள். சொல்லட்டும்.

நீ அன்று உன் ஹோட்டலில் டிவி முன்னால் உட்கார்ந்து பார். இனி எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன்.

ரோவன்

*

லண்டன்
ஜூன் 17, திங்கள்

ரோவன்,

பிரிக்க மாட்டேன் என்றாய். பிரித்துவிடு.

அந்தத் தோலை எடுத்துவிடு. பெரிய மணியில் இருப்பதை. எனக்காக இல்லை. ஏன் என்று இப்போது சொல்ல முடியாது, சொன்னால் ஆறு பேருடைய வேலை போகும். நான் உன்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. நீ ஏழு வயதில் பாதிரியாரின் வாத்தைத் தூக்கி வந்தபோதுகூட நான்தான் பழியை ஏற்றுக்கொண்டேன், உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

இரண்டு பக்கமும் திறந்த மணியாக, கதவு திறக்கிற அந்த நேரத்துக்கு, முழுச் சத்தத்தில் அடி. மற்றதெல்லாம் நீ சொன்னபடியே இருக்கட்டும். என்னோடு பேசாமலே இரு.

விளக்கு அணைக்கச் சொல்கிறார்கள்.

வின்னி

*

லண்டன்
ஜூன் 21, வெள்ளி

அன்புள்ள ரோவன்,

முடிந்தது. இன்று காலை முதலாளியம்மா எங்களை உட்காரவைத்து, "இனிமே யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோங்கடி, பத்திரிகைக்காரன்கிட்ட மட்டும் வேண்டாம்" என்றார். ஐந்து பேரும் அம்மாவுக்குப் போன் செய்ய ஓடினார்கள். நான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஹோட்டலும் இல்லை, திரைச்சீலையும் இல்லை. மணப்பெண்ணின் முக்காடு. அதன் ஓரத்துப் பூவேலை முழுக்க எங்கள் ஆறு பேர் கை. இடது பக்கம் கீழ்மூலையிலிருந்து ஒன்றரை கஜம் என்னுடையது. வாயைத் திறக்கமாட்டோம் என்று பிப்ரவரியிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

நான் ஒரே ஓர் ஆளிடம் வாயைத் திறந்தேன். ஏப்ரலில், ஆஸ்பத்திரியில், நீ சிகரெட் பிடிக்கப் போன நேரத்தில். அப்பாவின் காதில் சொன்னேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். "என் பொண்ணு தைச்ச துணிய தலையில போட்டுக்கிட்டு அந்தப் பொண்ணு வெளிய வரும், அதுக்கு நான் மணி அடிக்கணுமா? கூலி யாரு தர்றா?" என்றார். அப்புறம் இருமல் நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கதவு தெறக்கும்போது பெரிய மணி அடிக்கும். ஊருக்கெல்லாம் அது ராஜா வீட்டுக்கு. ஒனக்கு மட்டும் அது ஒனக்கு. தெரிஞ்சுதா?"

"நீங்க எழுந்து வந்துருவீங்களாப்பா?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நான் இல்லன்னா பய இருக்கான். கை நல்ல கை. அவன்கிட்ட சொல்லித் தொலைக்காத, சொன்னா வேணும்னே செய்யமாட்டான்" என்றார்.

உன்னைப் பற்றி அவர் சொன்ன கடைசி வார்த்தை அதுதான் எனக்குத் தெரிந்து. கை நல்ல கை.

இன்னொன்றும் சொன்னார். "நடுவுல நான் போயிட்டா ஓடி வராத. அரை நாள் வேலைய விட்டா ஒன் மொதலாளியம்மா அந்த எடத்த இன்னொருத்திக்குக் குடுத்துருவா. பொதைக்கிறதுக்கு ஊர்ல ஆள் இருக்கு. நீ தைச்சு முடி." நான் அப்படியே செய்தேன், ரோவன். சரியா தப்பா என்று இன்றுவரை தெரியவில்லை. இருபத்தொன்பதாம் தேதி பகல் பதினோரு மணிக்கு, அங்கே அப்பாவைப் புதைக்கிற நேரத்தில், ஊசியைக் குத்திவைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் அழுதேன். திரும்பி வந்து தைத்தேன்.

நேற்று என்னையும் வாசலுக்குக் கூட்டிப் போனார்கள், முக்காட்டின் பின்பக்கத்தை இழுத்துவிட. அந்தப் பெண் வண்டியிலிருந்து இறங்கினாள். "நல்லா இருக்கா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். அவள் அப்பா பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் குனிந்துகொண்டேன். எக்காளம் ஊதியது. உள்ளே இரண்டாயிரம் பேர் எழுந்து நின்ற சத்தம் மழை மாதிரி கேட்டது. அவள் உள்ளே போனாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் காதால் கேட்டேன். உறுதிமொழி சொல்லும்போது அவன் குரல்தான் உடைந்தது, அவள் குரல் உடையவில்லை.

வெளியே வந்தார்கள். கதவு திறந்தது. தலைக்கு மேலே அந்தப் பெரிய கோபுரம் முழுக்க மணி. நான் வாயில் குண்டூசியோடு, தூணில் சாய்ந்து, வண்டிகள் எல்லாம் போய் முடிகிறவரை நின்றேன். அத்தனை மணிக்கு நடுவே நம்முடையதைத் தேடினேன். எண்பது மைல். தேடினேன்.

அன்று பெரிய மணி அடித்ததா? கதவு திறந்த நேரத்துக்கு? முழுச் சத்தமா, பாதியா? அதை மட்டும் எழுது. எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். எனக்கு நல்லது சொல்ல வேண்டும் என்று மாற்றி மட்டும் எழுதாதே.

உன்
வின்னி

*

வெனிங்பரி
ஜூன் 24, திங்கள்

வின்னி,

கதவு திறந்த நேரத்துக்கு அடிக்கவில்லை. எட்டு நிமிடம் தாமதம். தப்பு என்னுடையது. முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி மற்றது.

பதினெட்டாம் தேதி ஏழு தோலைக் கழற்றினேன். எட்டாவதை விட்டேன், சொன்னபடி. உன் கடிதம் அன்றுதான் வந்தது. பிரிக்காமல் அடுப்புக்கு மேல் பலகையில் வைத்தேன், கடிகாரத்துக்குப் பின்னால். கல்யாணத்தன்று காலை ஒன்பது மணிக்கு, கயிற்றை இழுத்து ஆட்டி ஆட்டி மணிகளை ஏற்றினோம். ஒவ்வொன்றும் வாயை மேலே காட்டித் தலைகீழாக நின்றது. பெரிய மணி ஏறும்போது ஓர் அடி கணீர், ஓர் அடி பொத். ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"மறந்துட்டியாடா?" என்றார் பக்கத்துக் கயிற்றைப் பிடித்திருந்த லென்.

"இல்ல."

லென் கத்த ஆரம்பித்தார். "கல்யாணம்டா! கொழந்தைங்கல்லாம் தலையில காகிதக் கிரீடத்தோட நிக்குதுங்க!" மிஸஸ் பெட்டிட் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். என்னிடம் வந்தாள். அந்த நீலத் தொப்பியில் அவளைப் பார்த்தால் சிரிப்பு வரும், அன்று வரவில்லை.

"ஒன் அப்பா. ஒன் கயிறு. நான் கழட்டுன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு, மனசு மாறினா கடைசி நிமிஷத்துல ஓடி வராத. இதை எறக்கி, கழட்டி, மறுபடி ஏத்த இருபது நிமிஷம் வேணும். தெரிஞ்சுக்கோ."

"மாறாது" என்றேன்.

எல்லோரும் ஹாலுக்குப் போனோம். உட்கார இடமில்லை. நான் டீ அண்டா பக்கத்தில் நின்றேன். பதினோரு மணிக்கு மணப்பெண் வண்டி வந்தது. அவள் இறங்கினாள். பின்னால் சாம்பல் உடையில் இரண்டு பேர் ஓடி வந்து குனிந்தார்கள். அதில் ஒருத்தி நெற்றியில் விழுந்த முடியைக் கையால் தள்ளாமல், உதட்டைக் கோணிக்கொண்டு ஊதினாள். மூன்று விநாடி இருக்கும்.

"அது நம்ம வால்டர் பொண்ணு இல்ல?" என்றாள் மிஸஸ் பெட்டிட். உரக்க. ஹால் முழுக்கத் திரும்பியது, என்னைப் பார்த்து.

நான் வீட்டுக்கு ஓடினேன். கடிதத்தைப் பிரித்தேன். தோலை எடு என்கிறாய், ஏன் என்று சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான் இன்னும் வந்தது. ராஜா வீட்டு வேலைக்காரியாகிவிட்டாள், அவள் எஜமானிக்காக என்னைக் கெஞ்சுகிறாள் என்று நினைத்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்து வீட்டு ரேடியோவில் அவர்கள் உறுதிமொழி சொல்கிறார்கள், 'மரணம் எங்களைப் பிரிக்கும்வரை' என்று. அப்போது ஆஸ்பத்திரிச் சிரிப்பு ஞாபகம் வந்தது. "ஒனக்கெதுக்குடா."

அவருக்குத் தெரியும். அதற்குத்தான் சிரித்தார். நீ வராதது அவருக்குத் தெரிந்தேதான் நடந்தது. என்ன வாக்கு, யாருக்கு என்பதெல்லாம் உன் கடிதம் இன்று வந்த பிறகுதான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்தத் தோல் கட்டியிருப்பது அவர் விருப்பம் இல்லை, என்னுடையது.

கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். கோபுரத்துக்கு ஓடினேன். மற்றவர்கள் ஏற்கெனவே கயிற்றடியில் நின்றார்கள். பெரிய மணியை இறக்கினேன். ஓர் அடி கணீர், ஓர் அடி பொத், ஊர் கேட்டுக்கொண்டேயிருந்தது. விருந்து மேசையிலிருந்து லென் கையோடு எடுத்து வந்திருந்த ரொட்டிக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன். மேலே மற்ற ஆறும் தலைகீழாக நிற்கின்றன, எவனாவது கயிற்றைத் தொட்டு ஒன்று புரண்டால் என் தலை போச்சு. கீழே மிஸஸ் பெட்டிட் குரல்: "எல்லாரும் கயிற விட்டுட்டு செவுத்தோட ஒட்டி நில்லுங்க! கை பின்னால!"

தோலைக் கட்டிய வாரை நானே இரட்டை முடிச்சுப் போட்டிருந்தேன். அவிழவில்லை. அறுத்துக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே தபால்காரர் மனைவி மேசை விரிப்பை ஆட்டுகிறாள். பன்னிரண்டு ஒன்பது. தூரத்தில் ஹெல்மிங் ஊர் மணி ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கம் பிராட்வெல் மணியும். நம் கோபுரம் மட்டும் ஊமை. அந்தம்மா ஆட்டிக்கொண்டேயிருக்கிறாள். பாதிரியார் அங்கி பறக்க ஓடி வருகிறார். நான் கத்தியை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன்.

அறுந்தது. இறங்கினேன். பாதிரியார் கதவில் நிற்கிறார். "என்னம்மா ஆச்சு? நாடு முழுக்க அடிக்குது!"

மிஸஸ் பெட்டிட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வால்டர் பஸ்ஸு ஃபாதர். என்னைக்கு நேரத்துக்கு வந்துச்சு?"

அப்புறம் மற்ற ஐந்து பேரையும் பார்த்து, "யாரும் இழுக்கக்கூடாது. அவன் மணி முதல்ல ஏறட்டும்" என்றாள்.

அப்படித்தான் நடந்தது, வின்னி. பன்னிரண்டு பதினேழுக்கு நான் கயிறு பிடித்தேன். முதலில் மெல்ல, தொட்டுத் தொட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, இரண்டு பக்கமும் திறந்து, முழுச் சத்தத்தில். நான்கு நிமிடம் பெரிய மணி தனியாக. வேறு எந்த மணியும் இல்லை. ஹாலில் இருந்தவர்கள் டிவியை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்களாம். யாரும் கிரீடத்தைக்கூடக் கழற்றவில்லையாம். அந்தப் பஸ் அம்மாக்கள் எழுந்து நின்றார்களாம். அதற்கப்புறம்தான் மற்ற ஆறும் சேர்ந்தன, கல்யாணம் கல்யாணம் மாதிரி ஆயிற்று.

வண்டிகள் போய் முடிகிறவரை தூணில் சாய்ந்து நின்றேன் என்கிறாய். பன்னிரண்டு பதினேழுக்கும் அங்கேயே நின்றிருந்தாயா என்று நீதான் சொல்ல வேண்டும்.

மாற்றி எழுதவில்லை. எட்டு நிமிடம்.

அறுத்த தோலை இதோடு வைத்திருக்கிறேன். மூடி வைக்க ஏதாவது தைத்துக்கொள், உனக்குத்தான் கை வரும். சனிக்கிழமை மூன்று மணிக்கு அப்பாவுக்காக மட்டும் மறுபடி அடிக்கிறோம், எல்லாம் திறந்த மணி. எட்டுக் கயிறு, ஏழு ஆள். சின்ன மணியைத் துடைத்து வைத்திருக்கிறேன், கயிறு உன் உயரத்துக்குக் கட்டியாயிற்று. கை உரிந்திருக்கிறது என்றாய், பரவாயில்லை, அது எடையே இல்லாத மணி. அப்பா தொப்பி உன் படுக்கைமேல் இருக்கிறது. வந்தால் வா, பதில் எழுதி நேரத்தைக் கழிக்காதே.

கை நல்ல கை என்று நிஜமாகவே சொன்னாரா? சரி விடு, வந்து சொல். கீழே மிஸஸ் பெட்டிட் பழுப்புத் தொப்பியோடு நின்று கத்துகிறாள், நான் போகணும்.

ரோவன்